ஓட்டம் விட்டுப்போச்சு, மறுபடி எப்படி ஆரம்பிக்கிறது?

இந்த தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். முன்னாடி ஓடிக்கிட்டு இருந்தேன், நடுவுல வீட்ல இது ஆச்சு அது ஆச்சு, இப்ப ஷூவ பாத்தாலே கடுப்பா வருதுன்னு. அதனால சக்கரை, தொப்பை கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு 38 வயசு. போன வருஷம் வரைக்கும் சென்னை வேளச்சேரில இருந்தோம், காலைல அஞ்சரைக்கு அபார்ட்மெண்ட் கேட்ல நாலு பேரு சேந்து கிளம்புவோம், பத்து கிலோமீட்டர ஒரு மணி பத்து நிமிஷத்துல ஓடுவேன். எங்க மாமியா வளவுல (வீட்டு நடு முற்றத்த சுத்தியிருக்குற எடம்) வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு, பாத்துக்க ஆளில்லன்னு நானும் பையனும் பள்ளத்தூருக்கு வந்துட்டோம், அவரு சனி ஞாயிறு வந்துட்டு போறாரு. ஏழு மாசம் ஓடிப்போச்சு, நான் ஓடல. தினம் ராத்திரி அஞ்சு மணிக்கு அலாரம் வைக்கிறேன், தினம் காலைல அத அமத்திட்டு படுத்துக்கிறேன். ஒரு நாள் வீம்புக்கு கிளம்புனேன், ரெண்டு கிலோமீட்டர் தாண்டல, மூச்சு வாங்கி பாலக்கட்டைல உக்காந்துட்டேன், அந்தப்பக்கமா வந்த ஒரு ஆச்சி "என்னாத்தா, வீட்ல யாருக்கும் எதுவுமா"ன்னு பதறிட்டாக. அதோட சரி. மோட்டிவேஷன் வீடியோ நெறைய பாக்குறேன், பாக்குறப்ப நல்லாத்தான் இருக்கு. நான் சோம்பேறி ஆயிட்டேனாண்ணே?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: தங்கச்சி, நடக்க முடியாதவுகள தாங்கிப் பிடிச்சு பாத்ரூமுக்கு கூட்டிப் போயி, பையன ஸ்கூலுக்கு கெளப்பி, முகப்புலேருந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் கூட்டிப் பெருக்குறவள சோம்பேறின்னு யாராச்சும் சொன்னா நாக்கு அழுகிரும். அந்த வார்த்தைய இதோட விடுங்க.

மோட்டிவேஷன் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. சென்னைல மட்டும் தினம் மோட்டிவேஷன்லயா எந்திரிச்சீங்க? கேட்ல மூணு பேரு நிக்கிறாக, போகலன்னா போன் அடிப்பாகன்னு எந்திரிச்சீங்க. எந்தத் தெருவுல திரும்பணும், எங்க தண்ணி குடிக்கணும்னு காலுக்கே தெரியும், யோசிக்கவே வேண்டாம். பழக்கம்ங்கிறது ஆணில மாட்டுன சட்டை மாதிரி, ஆணி அந்த வீட்டு செவுத்துலயே இருந்துருச்சு, சட்டைய மட்டும் பொட்டில வச்சு கொண்டாந்துட்டீங்க, இங்க அத மாட்ட எடமில்ல, அம்புட்டுத்தான். இது நானா சொல்றது இல்ல. வெண்டி வுட்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியை, அவுகளும் கூட இருந்தவுகளும் காலேஜ் மாறுன பசங்கள வச்சு 2005ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாக. உடற்பயிற்சி, பேப்பர் படிக்கிறது, டிவி பாக்குறது இந்த மூணு பழக்கத்தையும் பாத்தாக. புது எடத்துலயும் சூழ்நிலை பழைய மாதிரியே அமைஞ்சவுகளுக்கு பழக்கம் ஒட்டிக்கிச்சு, சூழ்நிலை மாறுனவுகளுக்கு அது கழண்டு போச்சு. அதனால வீடியோவ நிப்பாட்டுங்க, அதுல ஒருத்தன் மலை மேல நின்னு கத்துறத பாத்து உங்களுக்கு ஒன்னும் ஆகப்போறதில்ல. பள்ளத்தூர் வீட்ல ஆணி எங்க இருக்குன்னு தேடுவோம்.

அலாரம் வேண்டாம். ஏழு மாசமா அமத்தி அமத்தி அமத்துறதே பழக்கமாயிருச்சு. எப்புடியும் வாசத்தெளிச்சு கோலம் போடுறீங்கல்ல? நீங்க போடாட்டி வேலைக்கு வர்றவுக போடுவாக, இனிமே நீங்களே போடுங்க, ஷூவ மாட்டிக்கிட்டு போடுங்க. சிரிப்பா இருந்தாலும் பரவால்ல. கோலப்பொடி கிண்ணத்த திண்ணைல வச்சதும் கை தட்டிட்டு அப்படியே நடக்க ஆரம்பிச்சுரணும், உள்ள திரும்பக்கூடாது. உள்ள போனா காப்பி, காப்பி குடிச்சா அத்தைக்கு மாத்திரை, அதோட அன்னைக்கு கதை முடிஞ்சுது.

இப்ப நீங்க எழுதாத விஷயம். நீங்க வெளில போற அந்த இருபது நிமிஷம் அத்தை எந்திரிக்கப் பாத்து மறுபடி விழுந்துட்டா? இந்த பயம்தான் அலாரத்த அமத்துதுன்னு எனக்கு தோணுது, தூக்கம் இல்ல. பெரியவுகள பாத்துக்கிட்டு இருக்குற எத்தனையோ பேரு மோட்டிவேஷன் இல்லன்னு சொல்றது பூராம் இதுதான், அவுக இல்லாத நேரம் வீட்ல யாரு இருக்கான்னு யாரும் கேக்குறதில்ல. இதுக்கு நம்ம ஊரு தெருவே ஒரு வழி வச்சிருக்கு. செட்டிநாட்டு வீடு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, நடுவுல நூல் புடிச்ச மாதிரி சந்து. முன்வாசல்ல கிளம்பி, பக்கத்து சந்து வழியா பின்தெருவுக்கு போயி, அந்தப் பக்க சந்து வழியா திரும்பி வந்தா ஒரு சுத்து. ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா உங்க வாசல தாண்டுவீங்க, அத்தைட்ட ஒரு மணி குடுத்துருங்க, இல்லன்னா செல்போன பக்கத்துல வைங்க, ஒரு கொரலு குடுத்தா வந்துரலாம். ஊருணிக்கரை வரைக்கும் போறதெல்லாம் பெறகு. அப்பறம் உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க, சனி ஞாயிறு காலைல ஆறு டு ஏழு அம்மாவ அவருதான் பாத்துக்கணும், ஹெல்ப்புன்னு இல்ல, அது அவரு முறை. அந்த ரெண்டு நாளு நீங்க நிம்மதியா தூரம் போகலாம்.

ரெண்டு கிலோமீட்டர்ல உக்காந்துட்டேன்னு வெக்கப்படுறீங்க. 1984ல எட்வர்ட் காயில்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரு கூட்டாளிகளும் நல்லா பயிற்சி எடுத்த ஏழு பேர பயிற்சிய நிப்பாட்டச் சொல்லி 84 நாள் வரைக்கும் அளந்து பாத்தாக. உடம்பு அதிகபட்சம் எவ்ளோ ஆக்சிஜன இழுத்து பயன்படுத்துதுங்கிற கணக்கு, வாட்ச்ல விஓ2 மேக்ஸ்னு காட்டுமே, அது மூணு வாரத்துல 7 சதவீதம் கொறைஞ்சுது, 56 நாள்ல 16 சதவீதம் கொறைஞ்சு அங்க நின்னுருச்சு. முதல்ல கொறையறது இதயம் ஒரு துடிப்புக்கு தள்ளுற ரத்தம், அதனாலதான் பழைய ஸ்பீடுல போனா நெஞ்சு அடைக்குது. ஆனா வருஷக்கணக்கா ஓடி தசைக்குள்ள வளத்த பொடி ரத்தக்குழாய் இருக்குல்ல, அது அந்த மூணு மாசத்துலயும் கொறையவே இல்ல. உங்களுக்கு இடைவெளி அத விட ஜாஸ்திதான், அதனால கொஞ்சம் கூடவே கொறைஞ்சிருக்கும், ஆனா நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டா இருந்தீங்க? அன்னைக்கு உக்கார வச்சது உங்க பழைய ஒரு மணி பத்து நிமிஷம்தான், அதே வேகத்துல கிளம்பியிருப்பீங்க.

ஜோஷ் கிளார்க்னு ஒருத்தரு 1996ல ஒரு திட்டம் போட்டாரு, ஓடவே தெரியாதவுகள ஒம்பது வாரத்துல அஞ்சு கிலோமீட்டர் ஓட வைக்க. முதல் வாரம் அறுபது செகண்ட் ஓட்டம், தொண்ணூறு செகண்ட் நடை, மாத்தி மாத்தி இருபது நிமிஷம், வாரத்துக்கு மூணு நாள். நீங்க அதுலேருந்தே ஆரம்பிங்க, எனக்கு இது சின்னப்புள்ள வேலைன்னு நெனைக்காதீங்க. மூச்சு சீக்கிரம் திரும்பிரும், முட்டிக்கு கீழ இருக்குற எலும்பும் குதிகால் தசைநாரும் மெதுவாத்தான் பழகும், மூச்சு நல்லாருக்குன்னு மூணாவது வாரம் பாய்ஞ்சா அங்கதான் வலி புடிக்கும். வாட்ச கழட்டி வைங்க. அது சென்னைல நீங்க ஓடுனத ஞாபகம் வச்சுக்கிட்டு தினம் மார்க் போடும்.

ஊரு பேச்சு பத்தி. "எங்கிட்டு ஓடுறீக, என்ன அவசரம்"னு கேக்கத்தான் செய்வாக, கெட்ட எண்ணம் இல்ல, இங்க யாராச்சும் ஓடுனா ஒன்னு பஸ்ஸ விட்டுருப்பாக இல்லன்னா துக்கம் வந்துருக்கும். ஒரே பதில வச்சுக்கிருங்க, "டாக்டர் சொல்லிருக்காக ஆச்சி". டாக்டர் பேர சொன்னா மறுபேச்சு கெடையாது. கொஞ்ச நாள்ல பாருங்க, நீங்க ஒரு நாள் வரலன்னா அதே ஆச்சி "நேத்து காணமே"ன்னு கேப்பாக. கேட்ல நின்ன மூணு பேருக்கு இந்த ஒரு ஆச்சி போதும். நாய் தொரத்துனா மட்டும் ஓடாதீங்க, நின்னுருங்க, மெதுவா நகருங்க. கடிச்சுட்டா சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் ஓடுற தண்ணில கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்கு போங்க, மஞ்சப்பத்து போட்டுக்கிட்டு உக்காராதீங்க.

கேள்வி: தம்பி, எனக்கு வயது 61. மலேசியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று தேவகோட்டையில் இருக்கிறேன். நானும் என் வீட்டு ஆச்சியும், அதாவது என் மனைவியும், தினம் காலை சேர்ந்து போவோம், அவர்கள் நடப்பார்கள், நான் மெதுவாக ஓடி முன்னால் போய் திரும்பி வந்து சேர்ந்துகொள்வேன். போன ஆவணியில் அவர்கள் போய்விட்டார்கள். அந்த ரோட்டுப் பக்கம் போகவே கால் வரமாட்டேன் என்கிறது. பிள்ளைகள் போனில் "அப்பச்சி வாக்கிங் போனீங்களா" என்று தினம் கேட்கிறார்கள், போனேன் என்று பொய் சொல்கிறேன்.
வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, அந்த ரோட்டுக்கு போக வேண்டாம். யாரு சொன்னா போகணும்னு? தேவகோட்டைல வேற ரோடு இல்லாமலா போச்சு. காலைலயும் வேண்டாம், அந்த நேரம் அவுக நேரம். சாயங்காலம் வெயில் தாழ அஞ்சரைக்கு மேல வேற தெக்க வடக்க ஒரு பக்கம் நடங்க, ஓட வேண்டாம், வெறும் நடை. ஓட்டம் தானா வந்தா வரட்டும்.

இதுக்கு மேல உற்சாகப்படுத்துற பேச்சு எனக்கு வராது, உங்களுக்கும் தேவையில்ல. ஒருத்தரப் பத்தி மட்டும் சொல்றேன். ஃபௌஜா சிங், பஞ்சாப்காரரு, மனைவியும் போயி, கண்ணு முன்னாடி மகனும் விபத்துல போயி, இங்கிலாந்துல இருக்குற இன்னொரு மகன் வீட்டுக்கு வந்தப்பறம்தான் ஓட ஆரம்பிச்சாரு, அதுவும் எம்பது வயசுக்கு மேல. 2000ல லண்டன் மாரத்தான் ஓடுறப்ப வயசு 89, 2011ல டொரண்டோல முழு மாரத்தான முடிச்சப்ப நூறுன்னாக. பிறப்பு சான்றிதழ் இல்லன்னு கின்னஸ்காரங்க அத ஏத்துக்கல, அது வேற பஞ்சாயத்து. 2025 ஜூலைல ஊருல ரோட்ட கடக்குறப்ப காரு மோதி போயி சேந்தாரு. இவரு மாதிரி மாரத்தான் ஓடுங்கன்னு நான் சொல்லல, சத்தியமா. துக்கத்த மறக்க ஓடலை, துக்கம் இருக்குறப்பவே ஓடுனாரு, அந்த ஒரு விஷயத்துக்காக சொன்னேன்.

61 வயசுல இடைவெளி விட்டு ஆரம்பிக்கிறப்ப ஒரு தடவ பிரஷர், சுகர், ஈசிஜி பாத்துருங்க. சாப்பாடு எறங்கல, ராத்திரி தூக்கம் இல்ல, எதுலயும் புடிப்பில்லன்னு வாரக்கணக்குல இருந்தா அது நடையில சரியாகுற விஷயம் இல்ல, டாக்டர்ட்ட சொல்லணும், இல்லன்னா 14416க்கு அடிங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண்ணு, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். புள்ளைகள்ட்ட பொய் சொல்லாதீக ஐயா. "இன்னைக்கு போகலப்பா, அம்மா ஞாபகம்"னு சொல்லுங்க. அவுகளுக்கும் அந்தப் பேச்ச எடுக்க ஆளில்லாமதான் வாக்கிங்க பத்தி கேட்டுக்கிட்டு இருக்காக.

கேள்வி: சார் நான் போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடி ஆகிட்டு இருந்தேன், 1500 மீட்டர் ஆறரை நிமிஷத்துல வந்துட்டு இருந்துச்சு, டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரி, இப்ப ஒரு ரவுண்டுக்கே தலை சுத்துது, விட்டுரலாமான்னு இருக்கு.
வாசகர், குன்றக்குடி

பதில்: தம்பி, விடாத, ஆனா இன்னைக்கு ஓடவும் ஓடாத. டெங்கு காய்ச்சல் விட்டாலும் அசதி வாரக்கணக்குல இருக்கும், அது உன் மனசு சம்பந்தப்பட்டது இல்ல, உடம்பு இன்னும் ரிப்பேர் வேலைல இருக்கு. தலை சுத்துதுன்னா டாக்டர்ட்ட போயி ரத்த டெஸ்ட் ஒன்னு பாத்து, ஓடலாம்னு அவரு வாயால சொல்லணும். நெஞ்சு வலி, படபடப்பு, கண்ணு இருட்டுறது இதுல எது வந்தாலும் அந்த எடத்துலயே நிறுத்து.

ஓகே சொன்னப்பறம் கணக்கு ரொம்ப சுலபம். ஆம்பளைங்களுக்கு 1500 மீட்டர் ஏழு நிமிஷம். 400 மீட்டர் டிராக்ல ஒரு சுத்துக்கு 112 செகண்ட். உனக்கு ஆறரையே வந்துருக்குன்னா முப்பது செகண்ட் கையிருப்பு இருக்கு, பழைய ஆறரைய துரத்த வேண்டாம். மொத ஒரு வாரம் வேகமான நடை மட்டும், அப்பறம் பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல பத்து பதினஞ்சு நிமிஷம், அது சிரமமில்லாம வந்தப்பறம் ஒரு சுத்து 112 செகண்ட்ல ஓடி ஒரு சுத்து நடந்து பழகு. கூட ஓடுற பசங்க முன்னாடி போறத பாத்து நீயும் எகிறாத, அவனுகளுக்கு டெங்கு வரல. சாப்பாட்ட விட்றாத, முட்டை, பயறு, கீரை, தண்ணி. உன் கேஸ்ல மோட்டிவேஷன் பிரச்சனையே இல்லப்பா, காக்கி சட்டை கனவு இருக்குறவனுக்கு அது வேண்டியதில்ல, அவசரம்தான் பிரச்சனை.

கேள்வி: வைகாசி, ஆவணின்னு கல்யாண மாசம் வந்தா ஓட்டம் விட்டுப்போகுது, ஒரு கல்யாணத்துக்கு போனா நாலு நாளு, காலைலயே கந்தரப்பம், பணியாரம், கவுனி அரிசி. திரும்பி வந்தா மறுபடி மொதல்லேருந்து. என்ன பண்ண?
வாசகி, காரைக்குடி

பதில்: கந்தரப்பத்த சாப்பிடுங்க, அத வேண்டாம்னு சொல்றவுகள நான் நம்புறதில்ல. ஒரு தகவல். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலின்னு ஒருத்தரும் அவுக குழுவும் 96 பேர வச்சு பழக்கம் எப்படி படியுதுன்னு பாத்தாக. சராசரியா 66 நாள் ஆகுது, ஆளுக்கு ஆளு மாறும், 18 நாள்லேருந்து 254 நாள் வரைக்கும். ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் படியறதுல பெருசா சேதாரம் இல்ல. 21 நாள்ல பழக்கமாயிரும்னு வாட்ஸ்அப்ல வர்றத நம்பாதீங்க. மொதல்லேருந்துன்னு ஒன்னும் கெடையாது, நாலு நாள்ல யாருக்கும் தெம்பு போயிராது. கல்யாண வீட்டுலேருந்து வந்த மறுநாள் காலைல கிளம்புங்க, "திங்கக்கெழமைலேருந்து"ன்னு தள்ளுனா திங்கக்கெழமை இன்னொரு பத்திரிகை வந்து நிக்கும்.

கேள்வி: எங்க வீட்டு வளவ சுத்தியே ஓடலாமா? மழை நாள்ல வெளில போக முடியல.
வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஓடலாம்னு சொல்லவும் ஆளு இருக்கு. 2020 மார்ச் ஊரடங்குல பிரான்ஸ்ல எலிஷா நோசோமோவிட்ஸ்னு ஒருத்தரு ஏழு மீட்டர் பால்கனிலயே அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி முழு மாரத்தான் தூரத்தையும் முடிச்சாரு, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொன்னாகளோ. உங்க வளவு அத விட பெருசு, ஆனா தரை ஆத்தங்குடி கல்லா இருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். வருஷக்கணக்கா தொடைச்சு தொடைச்சு கண்ணாடி மாதிரி இருக்கும், மழைக்கு வானம் பாத்த முத்தத்துலேருந்து சாரல் அடிச்சா ஈரம் வெளிலயே தெரியாது, போதாததுக்கு நாலு மூலைலயும் சட்டுன்னு திரும்பணும். மேல ஒருத்தவுக மாமியா வளவுல வழுக்கித்தான் விழுந்தாகன்னு படிச்சீங்கல்ல. ஈரம் படாத பக்கம் ஷூ போட்டுக்கிட்டு வேகமா நடங்க, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா திசைய மாத்துங்க, மாடிப்படி ஏறி எறங்குங்க, கைப்பிடிய புடிச்சுக்கிட்டு. அதையும் மீறி ஓடி பர்மா தேக்கு தூண்ல மோதுனா எனக்கு எழுதாதீங்க, பல் டாக்டர்ட்ட போங்க.